ஜன்னல் திறப்பு விழா

அறுபத்தைந்தாம் வருஷ வாக்கில் எங்கள் திருப்பூரில் வாலிபர்களைத் திருத்துவதற்கென்றே இரண்டு சங்கங்கள் இருந்தன. இரண்டிலும் வாலிபர் ஒருவர்கூடக் கிடையாது. இளைஞர் நல்லொழுக்கச் சங்கத்தில் ‘சின்னப்பையன்’ என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்ட உறுப்பினருக்குப் போன ஆவணியில் பேரன் பிறந்திருந்தான். வாலிபர் நல்வழி மன்றத்தின் துணைத் தலைவரைக் கூட்டத்துக்கு இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்று இவர்கள் கவலைப்பட்டது உண்மை. அடுத்த சங்கத்தார் நமக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டது அதைவிட உண்மை.

ஒரே ஊரில் இரண்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முதலில் ஒன்றுதான் இருந்தது. ஒரு தேர்த் திருவிழாவில், கோயில்காரர்கள் சந்தனக் கிண்ணத்தைச் சென்னியப்பனிடம் நீட்டிவிட்டு அப்புறம் ரத்தினசாமியிடம் நீட்டினார்கள். ரத்தினசாமி சந்தனத்தைத் தொடாமல் வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் சங்கம் இரண்டாயிற்று: நல்வழி மன்றம் சென்னியப்பனுக்கு, நல்லொழுக்கச் சங்கம் ரத்தினசாமிக்கு. இத்தனைக்கும் இருவரும் மாமன் மச்சான் உறவு. சென்னியப்பனின் தங்கை சாரதாமணியைத்தான் ரத்தினசாமி கட்டியிருந்தார். இருவருடைய பனியன் கம்பெனிகளும் ஒரு குறுகலான சந்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றன. இந்தப் பக்கம் புதிதாக ஒரு பின்னல் மெஷின் இறங்கினால் அந்தப் பக்கம் இரண்டு இறங்கும். அந்தப் பக்கம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் இந்தப் பக்கம் நீலம் கலந்து அடிப்பார்கள். நேரில் பார்த்துக்கொண்டால் மட்டும் இரண்டு பேரும் உருகிப்போவார்கள்.

“வாங்க மாப்ளை, நல்லா இருக்கறீங்களா? தங்கச்சி சௌரியமா?”

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க மச்சான். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்.”

அந்தக் காப்பியை யாரும் குடித்ததில்லை.

எல்லாவற்றிலும் ஈடுகொடுத்த ரத்தினசாமி ஒரே ஒரு விஷயத்தில் தோற்றுப்போனார். சென்னியப்பனின் மன்றத்தில் ஒரு திருந்திய குடிகாரர் இருந்தார். பழனிமுத்து என்று பெயர். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அவர் பேச்சு எங்கே போனாலும் எடுபட்டது. கள்ளச்சாராயம் குடித்துச் சாக்கடையில் விழுந்ததையும், மன்றத்தார் வந்து தூக்கி எடுத்ததையும் அழுதுகொண்டே சொல்வார். குன்னத்தூரில் சொன்னார், சாமளாபுரத்தில் சொன்னார், உடுமலைப்பேட்டையில் சொன்னார். உடுமலையில் மன்றத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். சென்னியப்பன் அதைக் கொண்டுவந்து சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்தார். காலை வெயில் பட்டால் அது ரத்தினசாமி கம்பெனிச் சுவரில் போய்ப் பளிச்சென்று விழும்.

அந்த வாரமே ரத்தினசாமி, நேர் எதிரே இருந்த தம் ஜன்னலைச் சாத்திப் பலகை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், “நம்ம கறை எடுக்கற மருந்து என்னன்னு எதிர்க்கம்பெனிக்காரன் பாத்துப் போடுவான்” என்றார். அது கறை எடுக்கும் அறையின் ஜன்னல்.

பின்னல் மெஷினில் ஓடி வரும் துணியில் எண்ணெய்க் கறை விழும். பெட்ரோல் போல வாடையடிக்கும் ஒரு மருந்தில் கந்தைத் துணியை நனைத்து அதைத் தேய்த்து எடுப்பார்கள். கறை போனதும் மருந்தும் ஆவியாகிப் போய்விடும். போவதற்கு அந்த அறையில் இருந்த வழி அந்த ஜன்னல்தான். ஆணியடித்த பிறகு மருந்து அங்கே வேலை செய்தவர்களின் மூக்கு வழியாகப் போயிற்று. மற்றவர்களுக்குத் தலைவலி வந்தது. நல்லானுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று.

நல்லான் பதினேழு வயதுப் பையன். அவன் அப்பா சுப்பையன், ரத்தினசாமி கம்பெனித் துணியை நொய்யல் கரைச் சலவைப் பட்டறைக்கு மாட்டுவண்டியில் ஏற்றிப் போகிறவர். தாயில்லாப் பிள்ளை. மகன் கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வரும்போது சட்டைப்பைக்குள் நனைந்த கந்தை ஒன்றை வைத்திருப்பதைச் சுப்பையன் பார்த்தார். மூலையில் உட்கார்ந்து அதை மூக்கில் வைத்துக்கொள்வான். காரணமில்லாமல் சிரிப்பான். வாய் குழறும். சோறு இறங்கவில்லை, உதட்டைச் சுற்றிப் புண் வந்துவிட்டது. ஒரு நாள் பல்லடம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தவன் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பஸ்காரன் ஹார்ன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து தூக்கி ஓரத்தில் வைத்தான். சேதி கேட்ட சுப்பையன் வண்டியை அப்படியே விட்டுவிட்டார். முதலாளியிடம் ஓடினார்.

“சாமி, என்ற பையனுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. அந்த மருந்து வாடையில்லாம அவனால இருக்க முடியறதில்லீங்க. துணியில நனைச்சு ஊட்டுக்கே கொண்டாந்துடறானுங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து உட்டு, அவனை வேற செக்சனுக்கு மாத்தீட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க.”

மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்றதும் ரத்தினசாமி நாற்காலியை விட்டு எழுந்தார். “திருட்டு நாயி” என்று ஆரம்பித்தவரின் முழங்கையை மயில்சாமி தொட்டார். மயில்சாமி கம்பெனிக்கு மேனேஜர், சங்கத்துக்குச் செயலாளர். முதலாளியின் காதோடு சொன்னார்.

“ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. அவங்ககிட்ட இருக்கறது பழைய சரக்கு. குடிகாரனை எந்த ஊருல வேணாலும் பாக்கலாம். இது புதுசுங்க. கோயமுத்தூர் ஜில்லாவுலயே யாருகிட்டயும் இல்லீங்க.”

ரத்தினசாமி மெதுவாக உட்கார்ந்தார். சுப்பையனையும் உட்காரச் சொன்னார். அந்த அறையில் உட்கார்ந்து பழக்கமில்லாத சுப்பையன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏப்பா, நெசமாவே மோந்து பாக்கறானா, சும்மா பேருக்கா?”

“நெசமாத்தானுங்க சாமி.”

“மயக்கம் கியக்கம் வருதா?”

“வருதுங்க. நடுரோட்டுல உக்காந்துட்டானுங்க.”

“நடுரோட்டுலயேவா!” ரத்தினசாமி செயலாளரைப் பெருமையோடு பார்த்தார். “எதிர்க்கம்பெனியில இந்த மாதிரி யாராச்சும் இருக்கறாங்களா?”

“இல்லீங்க. அங்க ஜன்னல் தொறந்து கெடக்குதுங்க. காத்து வருதுங்க” என்றார் சுப்பையன்.

“பாத்தயா மயிலு, அவனுக்கு அந்தக் குடுப்பினை இல்லை.”

“ஜன்னலுங்க சாமி?” என்று சுப்பையன் ஞாபகப்படுத்தினார்.

“ஜன்னலு தொழில் சமாச்சாரம். பையன் சங்கத்துச் சமாச்சாரம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே. நீ போ, இனி அவன் எங்க பையன்.”

சங்கத்தின் அவசரக் கூட்டம் கேசரியோடு நடந்தது. நல்லானை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து உறுப்பினர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் அவன் கண்ணிமையை விரித்துப் பார்த்துவிட்டு, குடிகாரனுக்கு இவ்வளவு சிவப்பு இருக்காது என்றார். எல்லோருக்கும் திருப்தி. வெளியூரிலிருந்து வரவழைத்த டாக்டர் ஒருவர் பையனைச் சோதித்துவிட்டு, கேசரியைத் தொடாமலே பேசினார்.

“விளையாட்டு இல்லைங்க இது. இந்த ஆவி நேரா மூளைக்குப் போகும். ஈரல், சிறுநீரகம் எல்லாத்தையும் கெடுக்கும். சில பிள்ளைகளுக்கு நெஞ்சு பொசுக்குன்னு நின்னுபோகும், முதல் தடவையிலேயே நின்னு போனதும் உண்டு. இன்னைக்கே பையனை அந்த அறையிலிருந்து எடுங்க. நல்ல காத்தில வைங்க. அவ்வளவுதான்.”

ரத்தினசாமி எழுந்து டாக்டருக்கு மாலை போட்டார். “டாக்டரய்யா அருமையாப் பேசுனீங்க. இதையே தை மாச ஆண்டு விழாவுல இன்னும் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும்” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழுக்கு மாறினார்.

“பெரியோர்களே! நமது இளைஞர் சமுதாயம் ஒரு பயங்கரமான படுகுழியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் படுகுழியை முதன்முதலில் கண்டுபிடித்தது நமது சங்கம் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சிலர் ஒரே ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டினார்கள். இனி ஓடாது. இந்தத் தம்பியைத் திருத்தியே தீருவோம்! ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் திருத்துவதால் சமுதாயத்துக்கு என்ன லாபம்?”

கைதட்டலுக்கிடையே தீர்மானம் நிறைவேறியது. ஆண்டு விழா மேடையில், சப்-கலெக்டர் முன்னிலையில், இறைவணக்கத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே நல்லான் திருந்துவது. அதற்கு முன்னால் அவனை யாரும் தனிப்பட்ட முறையில் திருத்தக் கூடாது. கறை அறையிலிருந்து மாற்றவும் கூடாது. மாற்றிவிட்டால் ‘பாதிக்கப்பட்ட இளைஞர்’ என்று நோட்டீஸில் போட முடியாது.

வாசலில் நின்றிருந்த சுப்பையனுக்குப் பாதிதான் விளங்கியது. “ஏனுங்க, தை மாசம் வரைக்கும் பையன் தாங்குவானுங்களா?”

“தாங்கோணும் சுப்பையா” என்றார் மயில்சாமி. “நல்ல காரியம்னா கொஞ்சம் பொறுத்துத்தான் ஆகோணும்.”

பெரிய மனிதர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பிப் பழகியவர் சுப்பையன். ஆனாலும் டாக்டர் சொன்ன வார்த்தை அவரை விடவில்லை. மறுநாள் காலை மகனைக் கம்பெனிக்கு அனுப்பாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முதலில் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, வாந்தி எடுத்தான், அப்பனை வாய்க்கு வந்தபடி திட்டினான். வண்டியை விட்டுக் குதித்து ஓடப் பார்த்தவனைச் சுப்பையன் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நாள் போகப் போக நடுக்கம் குறைந்தது. ஆற்றங்கரையில் வெளுத்த துணியைக் காயப்போட ஒரு கை கொடுத்தான். ஒரு மத்தியானம், “அப்பா, கொஞ்சம் மோரு இருந்தா ஊத்துங்க” என்று தானாகக் கேட்டுச் சோறு சாப்பிட்டான். சுப்பையனுக்கு அழுகை வந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார்.

அன்றைக்கே சைக்கிளில் வந்து இறங்கினார் மயில்சாமி. பையனின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“என்ன சுப்பையா, யாரைக் கேட்டுத் திருத்துனே? கண்ணுல செவப்பே இல்லையே! நோட்டீசு அச்சுக்குப் போயாச்சு. சப்-கலெக்டர் வந்து நின்னா, பையன் ஏற்கெனவே திருந்தீட்டானுங்கன்னு சொல்றதா? சங்கத்தோட மானம் என்ன ஆகறது?”

“அவனே திருந்தீட்டானுங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். அவனே திருந்தறதுன்னா அப்புறம் சங்கம் எதுக்கு?”

சுப்பையன் திரும்பி வண்டியிலிருந்த துணியை இறக்கப் போனார். மயில்சாமி காலையெல்லாம் கறை அறையில் நின்றுவிட்டு வந்திருந்தார். அவர் சட்டையில் அந்த வாடை இருந்தது. நல்லான் தலையைத் தூக்கினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைக் கரையில் வைத்துவிட்டு, சைக்கிளின் பின்னால் போய் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ‘ஜில்லாவிலேயே முதன்முறையாக’ என்ற வார்த்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருந்தது. சென்னியப்பன் அதைத் தம் கம்பெனி வாசலிலேயே நின்று படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தம் கறை அறை ஜன்னலிலிருந்து கோப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஜன்னலுக்கு ஆணியடிக்கச் சொன்னார். நல்ல வாட்டசாட்டமான மூன்று பையன்களைப் பொறுக்கி உள்ளே உட்காரவைத்தார். “மாப்ளைகிட்ட ஒண்ணு இருந்தா நம்மகிட்ட மூணு இருக்கோணும்” என்பது உத்தரவு. பையன்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று மன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது.

இந்த அமளியில் ஒரேயடியாக ஓரங்கட்டப்பட்டவர் பழனிமுத்து. அவர் ஒரு சாயங்காலம் சுப்பையன் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே சண்டைக்கு நின்றார்.

“ஏனுங்க, உங்க பையனால என்ற பொழப்பே போச்சுங்க. இப்ப என்னைய எந்த ஊருக்கும் கூப்பிடறதில்லீங்க. உடுமலையில இருந்து ஆள் வந்து உங்க பையனைக் கேட்டுட்டுப் போறாங்க. பொய் சொல்லலீங்க, எனக்கு வயிறு எரியுதுங்க.”

சுப்பையன் உள்ளே கையைக் காட்டினார். நல்லான் சுவரோரம் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மடியில் கந்தை கிடந்தது. வாயோரம் ஒழுகியதை ஒரு ஈ சுற்றியது. பழனிமுத்து உள்ளே போய்த் துண்டால் அந்த ஈயை விரட்டினார். அப்புறம் குரல் இறங்கிப்போயிற்று.

“நானு மன்றத்துல சேர்றதுக்கு ரொம்ப முன்னாலயே குடிய உட்டுட்டனுங்க. என்ற சம்சாரம் செத்தன்னைக்கு உட்டது. மேடைக்கு வேணுமுன்னு அவங்கதான் சாக்கடையில உழுந்ததாச் சொல்லச் சொன்னாங்க. நெசமாக் குடிச்ச காலத்துலகூட நான் அத்தனை தடவை சாக்கடையில உழுந்ததில்லீங்க.” துண்டை உதறித் தோளில் போட்டார். “உங்க மொதலாளிகிட்ட ஜன்னலைத் தொறங்கன்னு கேக்காதீங்க. எதிர்ல மச்சான் தொறக்கப் போறாருன்னு சொல்லுங்க. அவரே தொறப்பாரு.”

“பொய்யுங்களே அது?”

“பொய்தானுங்க. பையன் தேறுனா உங்களுக்கு மகன் கெடைப்பான். எனக்கு மேடை கெடைக்கும். நானும் புண்ணியத்துக்கு ஒண்ணும் சொல்லலீங்க.”

மறுநாள் சுப்பையன் முதலாளி முன்னால் நின்று, வாழ்நாளில் சொல்லாத ஒரு பொய்யை, துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார். “சாமி, எதிர்க்கம்பெனியில ஜன்னலைத் தொறக்கப் போறாங்களாமுங்க. அதுக்கு ஒரு விழாவாமுங்க. சப்-கலெக்டரைக் கூப்புட்டிருக்காங்களாமுங்க.”

ரத்தினசாமி குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறியது.

“எந்த ஜன்னலை? இப்ப ஆணியடிச்சானே, அதையா? அவன் அடிச்சு ஒரு மாசம் ஆகலை, எனக்கு ரெண்டு வருசமாச்சு! மொதல்ல ஆணியடிச்சவன் நானு. மொதல்ல தொறக்கறவனும் நானாத்தான் இருக்கோணும். மயிலு! ஆண்டு விழாவை முன்னால கொண்டா!”

சுப்பையன் ஒரு எட்டு முன்னால் வந்தார். “சாமி, இப்பவே தொறந்துட்டா?”

“உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இப்பவே தொறந்துட்டா, தொறந்த ஜன்னலைச் சப்-கலெக்டர் எப்படித் தொறப்பாரு?”

விழா கறை அறைக்குள்ளேயே என்று முடிவாயிற்று. முன்கூட்டியே யாராவது திறந்துவிடக் கூடாதென்று பலகைக்கு மேல் இன்னொரு பலகை அடித்தார்கள். அதற்கு மேல் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தீமையை எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்று மேஜை மேல் ஒரு தட்டில் மருந்தை ஊற்றி, சுற்றிலும் செவ்வந்திப் பூ வைத்தார்கள். வாசலுக்குத் திரை. அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நல்லான், நெற்றியில் விபூதியோடு. சென்னியப்பனுக்கு ரத்தினசாமியே நேரில் போய் அழைப்பு வைத்தார். அவர் பார்த்து வயிறெரியாவிட்டால் விழா நடத்தி என்ன பிரயோஜனம்?

சப்-கலெக்டர் வந்ததும் பெரியவர்கள் எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் அடைந்தார்கள். நல்ல நேரம் பிறக்கக் கொஞ்சம் இருந்தது. அதற்குள் தகராறு வந்துவிட்டது. சப்-கலெக்டருக்கு வலப்பக்கம் நிற்பது தலைவரா, மச்சான் என்ற முறையில் சிறப்பு விருந்தினரா? “நீங்க நில்லுங்க மச்சான்.” “ஐயோ, நீங்கதான் நிக்கோணும் மாப்ளை.” இப்படிச் சொல்லிக்கொண்டே இருவரும் ஒரே இடத்தில் தோளால் இடித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல நேரம் வந்தது, அவர்கள் நகரவில்லை. மயில்சாமி வரவேற்புரையை ஆரம்பித்தார். பூத்தட்டிலிருந்த மருந்து தன் வேலையை ஆரம்பித்தது.

வரவேற்புரையின் இரண்டாம் பக்கத்தில் மயில்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நன்றியுரையிலிருந்து படித்தார். ‘சின்னப்பையன்’ கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். சப்-கலெக்டர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, ரிப்பன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து அழுதார்.

“மாப்ளை, அந்தக் கோப்பை வெள்ளியே இல்லீங்க. பித்தளைக்கு முலாம்.”

“தெரியுமுங்க மச்சான்.” ரத்தினசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனாலும் பளபளன்னு இருந்துதே! அதைப் பாக்க மாட்டாமத்தான் இந்த ஜன்னலுக்கு ஆணியடிச்சேன். மருந்தாவது மண்ணாங்கட்டியாவது. நீங்களும் நானும் ஒரே கடையிலதானே வாங்கறோம்.”

“ஒரே கடைதானுங்க.”

“அந்தச் சந்தனத்தை ஒரு தடவை எனக்கு மொதல்ல குடுத்திருக்கலாமுங்களே மச்சான்.”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சப்-கலெக்டர் ரிப்பனைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே வாந்தி எடுத்தார். அவ்வளவுதான், திரைக்கு வெளியே நின்ற சுப்பையனுக்குப் பொறுக்கவில்லை. பலகை அடித்தவர்கள் விட்டுப்போயிருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு பெரியவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நல்ல நேரம் முடிந்துவிட்டது, ராகுகாலம் என்று யாரோ முனகினார்கள். சுப்பையன் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்தார். ஜன்னல் கதவு சத்தத்தோடு திறந்தது, சந்துக் காற்று உள்ளே வந்தது.

முகம் கழுவி, சோடா குடித்து, அரைமணி நேரத்தில் எல்லோரும் பழைய மனிதர்களாகிவிட்டார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு விழா தொடர்ந்தது. “பத்து நிமிஷம்கூட மனுஷன் இருக்க முடியாத இடம்” என்றார் சப்-கலெக்டர் வெளிறிப்போய். அவர் சப்-கலெக்டர் என்பதால் எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னலைத் திறந்தது நம் சங்கம் என்று ரத்தினசாமி பேசினார். ஜன்னல் அவர்களுடையதாக இருக்கலாம், ஆனால் காற்று எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று சென்னியப்பன் மறுத்தார். சற்று முன்னால் கட்டிக்கொண்டு அழுதது இருவருக்கும் நினைவில்லை, நினைவிருந்தவர்கள் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்ட இளைஞரையே கேட்டுவிடலாம் என்றார் சப்-கலெக்டர். நல்லானை மேடையில் ஏற்றினார்கள். விழா முழுக்க அந்த அறையில், அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தவன். அன்றைக்கு மட்டுமா? ஜன்னல் திறந்தபோது மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். அவன் ஸ்டூலிலேயே இருந்தான்.

“தம்பி, உன்னையக் காப்பாத்துனது யாரு?” என்றார் மயில்சாமி. “பயப்படாமப் பேரைச் சொல்லு.”

ரத்தினசாமி நாற்காலியில் முன்னுக்கு வந்தார். சென்னியப்பனும் முன்னுக்கு வந்தார். ஒருவர் பெயர் வந்துவிடுமோ என்று மற்றவர் மூச்சுவிடவில்லை. நல்லான் எல்லோரையும் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சரி உடு கண்ணு. மொதல்ல உன்ற பேரைச் சொல்லு.”

அதற்கும் அவன் நேரம் எடுத்துக்கொண்டான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். கூட்டத்தில் கடப்பாறையோடு நின்ற ஆளை அவன் கண் கொஞ்ச நேரம் பார்த்தது, யாரோ தெரிந்தவர் போல. பிறகு அதுவும் விலகிப் போயிற்று.

“தெரியலீங்க” என்றான் மரியாதையாக.

ரத்தினசாமி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சென்னியப்பனும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மச்சானின் பெயரை அவன் சொல்லவில்லை, மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. அடுத்து நன்றியுரை, அப்புறம் கேசரி.

சுப்பையன் மேடையேறி மகனைக் கைப்பிடித்து இறக்கினார். வண்டியில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் துண்டால் கட்டினார். வண்டி தெருமுனை திரும்பியபோது, ஒரு வீட்டு வாசலில் இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண்பிள்ளை, “ஏ ஆத்தப்பா! எங்கடா போய்த் தொலைஞ்சே?” என்று மகனைக் கூப்பிட்டுக் கத்தினாள். எங்கேயோ கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்த ஒரு பொடியன், “இதா வந்துட்டேன் ஆத்தா!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

சுப்பையன் முதலாளி வீட்டு மாடியைப் பார்த்திருக்கிறார், காரைப் பார்த்திருக்கிறார், யார் மேலும் அவருக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மாட்டை விரட்டினார். வீடு வரைக்கும் மகனை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.